ஆணி எடுப்பு விழா

நம்பிக்கை மதிப்பு வாரியத்தின் எட்டு மாடிக் கட்டடத்துக்குள் யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் மனம் புண்படும். மனம் புண்படாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் வாரியமே ஏற்பட்டது. ஒரு காலத்தில் யாரோ ஒருவர் இன்னொருவரிடம் "ஏன் சாப்பிடலை?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டாராம். சாப்பிடாதவர் விரதத்தில் இருந்திருக்கிறார். மனம் நொந்து வீட்டுக்குப் போய்விட்டார். கூடிப் பேசிய பெரிய மனிதர்கள், போய் ஒரு மன்னிப்புக் கேட்பதைக் காட்டிலும் ஒரு வாரியம் அமைத்துவிடுவது சுலபம் என்று முடிவு கட்டினார்கள்.

வாரியம் அமைந்ததும் செய்த முதல் வேலை, அலுவலகத்துக் கணினிகள் அத்தனையிலும் கேள்விக்குறி விசையைப் பிடுங்கி எறிந்தது. இன்றைக்கும் அந்த விசைப்பலகைகள் முன்பல் விழுந்த வாய் மாதிரி இளித்துக்கொண்டிருக்கின்றன.

கேட்காமல் ஒருவருடைய நம்பிக்கையைத் தெரிந்துகொள்வது எப்படி என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்குத்தான் ஆறாவது மாடியில் உய்த்துணர் பிரிவு இருக்கிறது. அங்கே உள்ள அதிகாரிகள் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவர் என்ன நம்புகிறார் என்று உய்த்துணர்ந்து, கையோடு மதிக்கத் தொடங்கிவிடுவார்கள். கணக்குப் பிரிவில் ஒருவர் கொஞ்ச நாள் மதியம் எதுவும் சாப்பிடாமல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். உண்ணா நெறியினர் என்று உய்த்துணர்ந்து, உணவு வாசனை அவர் மூக்கில் ஏறி மனம் புண்பட்டுவிடாமலிருக்கக் கேன்டீனையே அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். மனிதருக்குப் பல்வலி. பல் சரியானபோது கேன்டீன் இல்லை.

இந்த விதியிலிருந்து கட்டடத்தில் இரண்டே பேருக்கு விலக்கு உண்டு. லிஃப்ட் இயக்குகிறவர் "எந்த மாடி?" என்று கேட்கலாம். தொலைபேசி எடுக்கும் பெண் "யார் வேணும்?" என்று கேட்கலாம். இந்த இரண்டு கேள்விகளும் யாரையும் புண்படுத்தாது என்று உறுதி செய்ய ஒரு குழு நெடுங்காலம் உட்கார்ந்தது. அதுவரைக்கும் லிஃப்டில் ஏறிய அதிகாரிகள் லிஃப்ட்காரருக்குத் தோன்றிய மாடியில் இறங்கி, அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே கிடந்த கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலையில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

நம் கதை அந்த லிஃப்ட்காரரைப் பற்றியது. சாதுவான மனிதர். வீடு, வாரியம், லிஃப்ட் என்று ஏறி இறங்கியே நடுவயதைத் தாண்டியவர். அவருடைய இடது உள்ளங்காலில் ஆணி விழுந்துவிட்டது. கால் ஆணி எப்படி வலிக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்கள் செருப்புக்குள் ஒரு கடலைப் பருப்பளவு கல்லைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்று பார்க்கலாம். சீருடையோடு கொடுத்த கறுப்பு ஷூவோ இரும்புப் பெட்டி. வலி தாங்காமல் அவர் இடது ஷூவைக் கழற்றி லிஃப்டின் மூலையில் வைத்துவிட்டு, பாரத்தை எல்லாம் வலது காலில் இறக்கி ஒற்றைக்காலில் நிற்க ஆரம்பித்தார். ஆள் இல்லாதபோது ஸ்டூலில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொள்வார்.

மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போது கீழ்த்தளத்து வரவேற்பு மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே தொலைபேசிப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பார். மணி அடித்தாலும் எடுக்க மாட்டார், வணக்கம் சொன்னாலும் திரும்ப மாட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பழையபடி ஆவார். அலுவலகத்தில் அவருக்கு மகாராணி என்று பெயர். லிஃப்ட்காரரும் வணக்கம் சொல்லிச் சொல்லி அலுத்து, "சரியான திமிர்" என்று முடிவு கட்டியிருந்தார். வீட்டிலும் சொன்னார்.

அவருடைய மனைவி வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருப்பவர். மிஷினை நிறுத்தாமலே சொன்னார்:

"தலைவலியோ என்னமோ. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

"எங்க ஆபீஸ்ல கேக்கக் கூடாது."

"அப்ப திமிருன்னு மட்டும் சொல்லலாமா?"

அதற்கு விதியில் தடை எதுவும் இருப்பதாக அவருக்கு நினைவில்லை.

மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் அவர் டாக்டரிடம் போனார். டாக்டர் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆழமா இறங்கியிருக்கு. வெட்டி எடுத்துடலாம். ஆனா எடுத்த பிறகு ஒரு வாரம் காலை ஊணக் கூடாது. லீவு போடுங்க. தள்ளிப் போட்டீங்கன்னா சீழ் பிடிச்சு, அப்புறம் ஆணியோட நிக்காது. பாதத்துலயே கை வெக்க வேண்டி வரும்."

மறுநாள் காலையில் உய்த்துணர் பிரிவின் துணை இயக்குநர் அம்மையார் லிஃப்டில் தனியாக ஏறினார். வீட்டு வாசலில் காரில் ஏறி, வாரிய வாசலில் இறங்கி, லிஃப்ட் வழியாக மெத்தை நாற்காலிக்குப் போய்ச் சேருகிறவர். அவருக்குத் தெரிந்த ஒரே ஆணி, சுவரில் வாரியத் தலைவரின் படம் மாட்டியிருக்கும் ஆணிதான். லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், எனக்கு இடது கால்ல ஆணி இருக்கு. எடுக்கணும். ஒரு வாரம் லீவு வேணும்."

அம்மையார் அவரைப் பார்த்தார். மூலையில் இருந்த ஒற்றை ஷூவைப் பார்த்தார். வெறும் பாதத்தைப் பார்த்தார். அவர் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்தார். வாய் வரை வந்த கேள்வியை விழுங்கினார். முகம் மெல்ல மெல்லப் பிரகாசமானது.

"புரியுது," என்றார் குரலைத் தழைத்து. "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாங்க பாத்துக்கறோம்."

லிஃப்ட்காரர் லீவு கிடைத்துவிட்டது என்று நினைத்து, அன்று மாலை மனைவிக்கு நல்ல சேதி சொன்னார்.

எட்டாவது மாடியில் அவசரக் கூட்டம் கூடியது. துணை இயக்குநர் தம்முடைய உய்த்துணர்வை எடுத்துரைத்தார். நம் கண்ணெதிரிலேயே, நம் லிஃப்டிலேயே, இதுவரை வாரியத்தின் கவனத்துக்கு வராத நெறி ஒன்று வாழ்ந்துகொண்டிருக்கிறது. பாதத்தில் ஆணி தரித்து, ஒரு காலணி துறந்து, ஒற்றைக்காலில் நிற்கும் கடுந்தவ நெறி. ஆண்டுக்கொரு முறை அவர்கள் ஆணி எடுப்பார்கள் என்று தெரிகிறது. விழா எடுப்பது போலத்தான் இதுவும். அது ஒரு வாரம் நடக்கும்.

தலைவர் கண் கலங்கினார். பருத்த சரீரம், அதைவிடப் பருத்த குரல்.

"இத்தனை பெரிய விஷயத்துக்கு அந்த எளிய மனிதர் லீவு கேட்டிருக்கிறார். அதாவது, வாரியத்துக்குத் தெரியாமல் எங்கேயோ மூலையில் ஒளிந்துகொண்டு ஆணி எடுக்க நினைத்திருக்கிறார். இது யாருக்கு அவமானம். நமக்கு அவமானம். லீவு கொடுத்தால் அவருடைய நம்பிக்கையை வீட்டுக்குத் துரத்திவிட்டோம் என்று ஆகும். கொடுக்கக் கூடாது. இங்கேயே, இந்தக் கட்டடத்திலேயே, நம் செலவிலேயே ஆணி எடுப்பு விழா எடுப்போம்."

இப்படியாக லிஃப்ட்காரரின் லீவு, மிகுந்த மரியாதையுடன் மறுக்கப்பட்டது.

அதற்கடுத்த நாள் அவர் வேலைக்கு வந்தபோது லிஃப்டில் ஸ்டூல் இல்லை. ஒற்றைக்காலில் நிற்பவருக்கு உட்காரும் ஆசனம் காட்டுவது அவருடைய நெறியைக் கேலி செய்வது போல் ஆகும் என்று அதை அகற்றியிருந்தார்கள். தரையில் கிடந்த ரப்பர் விரிப்பும் போய்விட்டது. தவம் செய்யும் பாதத்துக்கு மெத்தென்ற தரை ஆகாது என்று, சொரசொரப்பான சிமெண்டுப் பலகை ஒன்றை அளவெடுத்துப் பதித்திருந்தார்கள். லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் இடது ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ஏறியவர்கள் அவரோடு சேர்ந்து ஒற்றைக்காலில் நின்றார்கள். லிஃப்ட் குலுங்கும்போதெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, வாரியம் வரலாறு காணாத நல்லிணக்கத்தோடு மேலே போய்க் கீழே வந்தது.

லிஃப்ட்காரருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வலி மட்டும் புரிந்தது. மருந்துக் கடையில் ஒரு கால் ஆணி பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொண்டு வந்தார். துணை இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு அவர் தோளில் கைவைத்தார்.

"இங்க நீங்க எதையும் மறைக்க வேண்டிய அவசியம் இல்ல. யாருக்கும் பயப்படாதீங்க." சொல்லிவிட்டு ஒரு அலுவலரைக் கூப்பிட்டு, பூப்போல, துளியும் அவமரியாதை நேராமல், அந்தப் பிளாஸ்திரியை உரித்து எடுக்கச் செய்தார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு லிஃப்ட்காரர் தலைவரையே பார்த்துப் பேசிவிடுவது என்று எட்டாவது மாடி அறைக்குள் நொண்டி நொண்டிப் போனார்.

"சார், நீங்கல்லாம் ஏதோ தப்பா எடுத்துக்கிட்டீங்க. இது நம்பிக்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் ஆணி சார். வலிக்குது. வெட்டி எடுக்கணும்."

தலைவர் எழுந்து நின்றார். இடது ஷூவைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"இதைத்தான் எதிர்பார்த்தேன். உண்மையான நம்பிக்கை உள்ளவன் ஒருநாளும் அதை ஒப்புக்கொள்ள மாட்டான். போலிகள்தான் ஆமாம் ஆமாம் என்பார்கள். நீங்கள் இல்லை என்று சொல்லச் சொல்ல என் மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் மறுத்துச் சொல்லுங்கள். நான் கேட்கவே மாட்டேன்."

லிஃப்ட்காரர் திரும்பிவிட்டார். அன்று இரண்டு தடவை தவறான மாடியில் லிஃப்டை நிறுத்தினார்.

வீட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தவரின் பாதத்தை மனைவி தூக்கிப் பார்த்தார். ஆணியைச் சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டதும் அவர் துடித்துவிட்டார்.

"வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"சொல்லாம கொள்ளாம நின்னா வேலை போயிடும். விழா முடிஞ்சதும் விட்டுடுவாங்க. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இருந்துடறேன்."

"பல்லைக் கடிப்பீங்க, காலை இழப்பீங்க," என்றார் மனைவி. மிஷினில் போய் உட்கார்ந்தவர் வெகுநேரம் ஒன்றும் தைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது லிஃப்ட்காரருக்குக் கால்வலியைவிட அதிகமாக வலித்தது.

இதற்கு நடுவில் மகாராணிக்கும் கெட்ட காலம் பிறந்தது. ஒருநாள் மதியம் தலைவர் வெளியே கிளம்பினார். ஆணி நெறியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் இருந்தவர், வழக்கத்துக்கு மாறாக, தாமாகவே முன்வந்து தொலைபேசிப் பெண்ணுக்கு ஒரு வணக்கம் வைத்தார். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வணக்கம் அந்தரத்தில் நின்றது. தலைவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பவும் மேலே போய்விட்டார். எதிலும் நம்பிக்கை இல்லாதவர், முக்கியமாகத் தலைவர்மேல் நம்பிக்கை இல்லாதவர் என்று மகாராணியைப் பற்றி உய்த்துணர்ந்தார்கள். விசாரணை வைத்தார்கள்.

வாரியத்தின் விசாரணையில் கேள்வி கேட்கக் கூடாது அல்லவா. அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. ஒருவர் தண்ணீர் குடித்தார். நெடுநேரம் ஆன பிறகு, பாவம் அந்தப் பெண், கீழே தொலைபேசி அடித்துக்கொண்டிருக்குமே என்ற கவலையில், "நான் போகலாமா சார்?" என்று கேட்டுவிட்டார். கேட்கப்படாத கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தது ஒரு குற்றம், விசாரணை அதிகாரியையே கேள்வி கேட்டது இன்னொரு குற்றம் என்று தீர்ப்பானது. வேலையை விட்டு நீக்கலாம். ஆனால் வாரியம் கருணை உள்ளது. ஆணி எடுப்பு விழா மேடையில், இடது காலணி துறந்து, லிஃப்ட்காரருக்குப் பக்கத்தில் மரியாதையாக நின்றுவிட்டால் மன்னித்துவிடலாம்.

விழா நாள் வந்தது. எட்டாவது மாடி அரங்கம் நிரம்பியிருந்தது. மேடைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒட்டுப்பலகையில் ஒரு ஆணி செய்து வெள்ளிச் சாயம் பூசி நிறுத்தியிருந்தார்கள். அரங்கத்தின் வாசலில் நூற்றுக்கணக்கான இடது ஷூக்கள் குவிந்து கிடந்தன. வீட்டுக்குப் போகும்போது எது யாருடையது என்று கேட்கவும் முடியாது. லிஃப்ட்காரரை மேடைக்கு நடுவில் நிறுத்தினார்கள். அவருக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. பாதத்துக்குள் யாரோ தச்சு வேலை செய்வது போல இருந்தது. பக்கத்தில் மகாராணி, ஒற்றைச் செருப்போடு.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த மனிதரை எனக்கு எத்தனையோ வருடங்களாகத் தெரியும். தினமும் இவரோடுதான் ஏறுகிறேன், இவரோடுதான் இறங்குகிறேன். இத்தனை வருடத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள்கூட, இவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்டதில்லை. அவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறேன். இவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டால் மதிப்பு குறைந்துவிடுமோ என்ற பயம்தான்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பிறகு துணை இயக்குநர் பேசினார். பிறகு, பேசாமல் விட்டால் புண்படுவார்கள் என்று, எல்லா மாடிகளிலிருந்தும் ஆளுக்கொருவர் பேசினார்கள். பிறகு எல்லோரும் எழுந்து ஒற்றைக்காலில் நின்று மௌனமாக மதித்தார்கள். தலைவரை இரண்டு பக்கமும் இரண்டு உதவியாளர்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். இதெல்லாம் முடிவதற்குள் உச்சிவேளை ஆகிவிட்டது.

மகாராணி கண்ணை மூடிக்கொண்டார்.

அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது. "பாருங்க திமிரை," என்றார் துணை இயக்குநர் லிஃப்ட்காரரின் காதில். "உங்க விழா மேடையிலயே, உங்களை மதிக்காம." சொல்லிவிட்டு ஒலிபெருக்கியை அவர் கையில் திணித்தார். ஆணி நெறியின் சார்பில் இந்தப் பெண்ணைக் கண்டித்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும், அதோடு அவர் கணக்கை முடித்துவிடலாம் என்பது ஏற்பாடு.

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணை இத்தனை நாளும் போகிற போக்கில் பார்த்ததுதான். இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. முகத்தில் திமிர் இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தாயின் முகம்போல இருந்தது. வேலை போகிற நேரத்திலும் ஒருவர் கண்ணை மூடிக்கொள்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. என்ன என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதை அவர் மனைவி முன்பே சொல்லியிருக்கிறார்.

அவர் காத்திருந்தார். அரங்கமும் வேறு வழியில்லாமல் காத்திருந்தது. அந்தப் பெண் கண்ணைத் திறந்தார்.

"ஏம்மா," என்றார் லிஃப்ட்காரர் ஒலிபெருக்கியில். "கண்ணை மூடிட்டு என்ன பண்றீங்க?"

பின்வரிசையில் ஒரு அதிகாரி நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தார். துணை இயக்குநர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். எல்லோரும் அந்தப் பெண்ணின் மனம் புண்படுவதைப் பார்க்கக் கண்ணைக் கொட்டாமல் இருந்தார்கள். அவர் சிரித்துவிட்டார்.

"வேண்டிக்குவேன்ணே. உச்சிவேளைக்கு ஒரு தடவை. இங்க போன் பண்றவங்க பாதிப்பேர் அழுதுகிட்டேதான் பேசறாங்க. அன்னிக்கு யார் யார் அழுதாங்களோ அவங்களுக்காக."

"ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லம்மா?"

"வேண்டுறதைத் தம்பட்டம் அடிக்கக் கூடாதுங்கறது எங்க வழக்கம். நாமளா சொல்லிக்க மாட்டோம். கேட்டா சொல்லலாம். இத்தனை வருஷத்துல நீங்கதான் கேட்டிருக்கீங்க."

லிஃப்ட்காரருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "நான் உங்களைத் திமிர் பிடிச்சவங்கன்னு நினைச்சிட்டு இருந்தேன்மா. எங்க வீட்லயும் சொல்லிட்டேன்."

"நான் மட்டும் என்னவாம். உங்களுக்கு ஒரு ஷூ தொலைஞ்சு போச்சு, வேற வாங்க வழியில்லன்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரரோட ஷூ ஒரு ஜோடி மேஜைக்கு அடியில எடுத்து வெச்சிருக்கேன். எப்படிக் குடுக்கறது, குடுத்தா வருத்தப்படுவீங்களோன்னு..." அவர் குனிந்து பார்த்தார். "ஐயோ, வீங்கியிருக்கே. என்னண்ணே அது கால்ல?"

"கால் ஆணிம்மா."

"கால் ஆணியா? எங்க அண்ணனுக்கும் இருந்துச்சே. ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துடறதுதானே?"

"எடுக்கத்தான் லீவு கேட்டேன். விழா எடுத்துட்டாங்க."

அரங்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று யாரையும் கேட்க முடியாதே.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

"எவ்வளவு பெரிய அநியாயம். இவர் யார், எதை நம்புகிறார் என்று எதுவுமே தெரியாமல் மனதார மதித்துக்கொண்டிருந்தோம். இப்போது தெரிந்துபோய்விட்டது. வெறும் கால்வலி. இனி இவரிடம் மதிக்க என்ன இருக்கிறது. அந்த அம்மாளுடைய பிரார்த்தனையும் தெரிந்துபோய்விட்டது. வீட்டுக்கு வீடு எல்லோரும் செய்வது மாதிரி அதுவும் சாதாரணம். ஆளாளுக்கு இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தால் வாரியம் எதற்கு. எட்டு மாடி எதற்கு. நான்தான் எதற்கு."

அவர் வாழ்நாளில் கேட்ட முதல் நல்ல கேள்விகள் அவை. கேள்விக்குறி இல்லாமல் கேட்டதால் குற்றமாகவில்லை. பதிலும் யாரும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டது, பதில் சொன்னது, பதிலுக்குக் கேட்டது என்று வரிசையாகக் குற்றம் சுமத்தி இரண்டு பேரையும் அன்றைக்கே தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்தார்கள். லிஃப்ட்காரர் உத்தரவோடு வீட்டுக்கு வந்தார். மனைவி மிஷினை நிறுத்திவிட்டு அதை இரண்டு தரம் வாசித்தார்.

"லீவு கேட்டப்ப குடுக்கலை. கேள்வி கேட்டதும் குடுத்துட்டாங்க," என்றார். உத்தரவை மடித்து வைத்துவிட்டு, வெளியே கட்டிக்கொண்டு போகும் புடவையை எடுத்தார். "எழுந்திரிங்க. டாக்டர் போறதுக்குள்ள போயிடலாம்."

கொஞ்சம் சீழ் பிடித்துவிட்டது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். வெட்டி எடுத்தார். லிஃப்ட்காரர் ஒரு வாரம் காலை ஊன்றாமல் கட்டிலில் கிடந்தார். தொலைபேசிப் பெண் கணவரோடு ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். உச்சிவேளையில் அந்த வீட்டிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணைத் திறக்கும்வரை லிஃப்ட்காரரின் மனைவி மிஷினை ஓட்டாமல் இருந்தார்.

வாரியத்தில் நிலைமை வேறாக இருந்தது. விலக்கு பழைய இரண்டு பேருக்குத்தான் என்பதால், புதிதாகப் போட்ட தொலைபேசி ஆளுக்குக் கேட்க அனுமதி கிடையாது. எடுப்பார், மூச்சு விடுவார், வைத்துவிடுவார். புதிதாகப் போட்ட லிஃப்ட் ஆள் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்து மாடியை உய்த்துணர்ந்தார். தலைவரை நாள் தவறாமல் அடித்தளத்துக் குப்பைக் கிடங்கில் இறக்கிவிட்டார். இரண்டு பேரையும் திரும்ப வேலைக்கு எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

லிஃப்ட்காரர் இரண்டு கால்களிலும் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். தொலைபேசிப் பெண் எடுத்து வைத்திருந்த ஷூ. இரும்புப் பெட்டி மாதிரி இல்லாமல் காலுக்கு இதமாக இருந்தது. லிஃப்டில் பழைய ஸ்டூலைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டார். ஆனால் மற்றவர்கள் இன்னமும் இடது ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற முடியாதாம். பெற்றால் ஆணி நெறியினரின் மனம் புண்படும். ஆணி நெறியினர் என்று இப்போது யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று காலை தலைவர் தனியாக வந்து ஏறினார். இடது ஷூ கையில் இருந்தது. வலது ஷூவும் கையில் இருந்தது. இத்தனை நாளும் அத்தனை சரீரத்தையும் தாங்கி ஒற்றைக்காலில் நின்ற வலது பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் குதிகாலில் தத்தித் தத்தி வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினார். லிஃப்ட்காரரின் ஷூக்களைப் பார்த்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். எந்த டாக்டர் என்று ஒரு வார்த்தை கேட்க வாயெடுத்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். விதி அவர் போட்டது.

அந்தப் பாதத்தில் இருப்பது என்ன என்று லிஃப்ட்காரருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் யாரைப் பற்றியும் முடிவு கட்டிவிடக் கூடாது. அது அவருடைய நம்பிக்கையாகவும் இருக்கலாம். ஸ்டூலை மட்டும் அவர் பக்கமாக நகர்த்திப் போட்டுவிட்டு, தனக்கு அனுமதிக்கப்பட்ட கேள்வியைக் கேட்டார்.

"எந்த மாடி சார்?"